வெளியேறியவரின் முதல் வெளியீடு

திறமூல இயங்குதளங்களின் வரலாற்றை எழுதுவோரிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஒரு திட்டத்திலிருந்து இன்னொன்று பிரியும்போதெல்லாம் அதைப் பங்காளிச் சண்டையாகவே எழுதிவிடுவார்கள். யார் யாரைத் திட்டினார், யாருடைய தன்முனைப்புப் பெரிது, யார் முதலில் கதவைச் சாத்தினார் என்பதோடு கதை முடிந்துவிடும். பிரிந்தவர் எதை உருவாக்கி வெளியிட்டார் என்ற கேள்வி கடைசி வரியில் ஒரு தேதியாகச் சுருங்கிவிடும். இலக்கிய வாசகர்களாகிய நமக்கும் இந்த நோய் புதிதன்று. சிற்றிதழ்கள் உடைந்த கதைகளைச் சுவையாகச் சொல்லத் தெரிந்த பலருக்கு, உடைந்தபின் வந்த முதல் இதழில் என்ன இருந்தது என்று சொல்லத் தெரியாது. இந்த வம்பு வரலாற்றை மறுக்கவே இதை எழுதுகிறோம். நாம் எடுத்துக்கொள்ளும் சான்று, 1996இல் முதன்முதலாக வெளிவந்த ஓப்பன்பிஎஸ்டி.

முதலில் வம்பர்கள் சொல்லும் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். பெர்க்கிலி பல்கலைக்கழகத்தில் வளர்ந்த யுனிக்ஸ் மரபை 386 கணினிகளுக்குக் கொண்டுவந்தவர்கள் வில்லியம் ஜோலிட்ஸ், லின் ஜோலிட்ஸ் இணையர். 1992இல் அவர்கள் வெளியிட்ட 386பிஎஸ்டிக்குப் பயனர்கள் திருத்தங்களை எழுதிக் குவித்தார்கள். அவை மூலத்தில் சேரத் தாமதமாயிற்று. பொறுமையிழந்தோர் 1993இல் இரு குழுக்களாகத் தனிவழி கண்டனர். ஒன்று ஃப்ரீபிஎஸ்டி, மற்றொன்று நெட்பிஎஸ்டி. நெட்பிஎஸ்டியைத் தொடங்கிய நால்வருள் ஒருவர் தியோ டி ராட். பிறரிடம் கடுமையாக நடந்துகொள்கிறார் என்ற குற்றச்சாட்டின்பேரில், 1994 டிசம்பரில் அவரைப் பதவி விலகச் சொன்னார்கள். மூல நிரலைத் திருத்தும் அனுமதியும் பறிபோனது. 1995 அக்டோபரில் அவர் நெட்பிஎஸ்டியின் நிரலை எடுத்துக்கொண்டு ஓப்பன்பிஎஸ்டியைத் தொடங்கினார். வம்பர்களின் கதை இவ்விடத்தில் முடிகிறது. நம்முடைய கதை இங்கேதான் தொடங்குகிறது.

ஒன்றைக் கவனியுங்கள். தியோ டி ராட்டைப் 'பிளவு செய்தவர்' என்று குறைசொல்வோர் தாய்வீடாகக் காட்டும் நெட்பிஎஸ்டியே இரண்டாண்டுகளுக்கு முன் பிரிந்துவந்த ஒன்றுதான். பிரிவது குற்றமென்றால் குற்றவாளிகளின் வரிசை பெர்க்கிலி வரை பின்னோக்கி நீளும். 'பிளவு' என்ற சொல்லே இங்குப் பிழையானது. மரம் கவைவிட்டு வளர்வதைப் பார்த்து மரம் பிளந்துவிட்டது என்று யாரும் சொல்வதில்லை. இளம்பூரணர் கொண்ட பொருளைச் சேனாவரையர் பலவிடங்களில் மறுத்துச் சொல்லதிகாரத்துக்கு உரை கண்டார்; அதனால் தொல்காப்பியம் குறைந்துபோகவில்லை. ஓப்பன்பிஎஸ்டி பிரிந்தபோதும் நெட்பிஎஸ்டியில் ஒரு வரிகூடக் குறையவில்லை. அது இன்றும் தன் வழியில் வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது.

குறையாததற்குக் காரணம் யாருடைய பெருந்தன்மையும் அன்று, உரிமம். பிஎஸ்டி உரிமத்தின் சாரம் எளியது. மூலத்தை எழுதியவரின் பெயரையும் உரிமக் குறிப்பையும் அழிக்காதே. மற்றபடி எடுத்துக்கொள், மாற்று, வெளியிடு. ஒரு பதிப்பகத்திலிருந்தோ இதழிலிருந்தோ விலக்கப்படும் ஆசிரியர் தாம் பல்லாண்டு உழைத்து உருவாக்கியதை அங்கேயே விட்டுவிட்டு வெறுங்கையோடு வெளியேறுவதுதான் உலக வழக்கம். இங்கோ விலக்கப்பட்டவர் மொத்த உழைப்பையும், தம்முடையதையும் பிறருடையதையும், சுமந்துகொண்டு போக முடிந்தது. விலக்கியவர்களும் எதையும் இழக்கவில்லை. மனிதர்கள் ஒருவரையொருவர் சகித்துக்கொள்ள முடியாமற் போவது எந்த அமைப்பிலும் நடக்கும். அப்படி நடக்கும்போது உழைப்பு யாரிடம் சிறைப்படுகிறது என்பதே கேள்வி. 'யாரிடமும் இல்லை' என்று விடையளித்த அமைப்பை நாம் கொண்டாட வேண்டாமா?

ஆயினும் உரிமை இருப்பதாலேயே ஒரு கிளை நியாயமாகிவிடாது. நெட்பிஎஸ்டியினர் பக்கமும் ஒரு நியாயம் இருந்தது. ஊதியமின்றி உழைக்கும் தன்னார்வலர்களைக் கடுஞ்சொல் விரட்டிவிடும். அதைத் தடுக்க ஒரு குழுவுக்கு உரிமையுண்டு. பிரிவால் உழைப்பு இரட்டிக்கிறது என்ற வாதமும் பொய்யன்று. ஒரே வன்பொருளுக்கான நிரலை இரண்டு இடங்களில் இரண்டு பேர் எழுத நேர்கிறது. இவற்றையெல்லாம் ஒப்புக்கொண்ட பின்னும் நாம் கேட்பது ஒன்றுதான்: தாய்த்திட்டம் செய்யாத எதைக் கிளை செய்தது? இதற்கு விடையளிக்க வேண்டியது முதல் வெளியீடு. அதுவரை கிளை என்பது வெறும் கோபம்.

ஓப்பன்பிஎஸ்டியின் முதல் வெளியீடு 1996 ஜூலையிலும், அடுத்ததான 2.0 அதே ஆண்டு அக்டோபரிலும் வந்தன. முதல் வெளியீட்டின் எண் 1.2. தாய்த்திட்டமான நெட்பிஎஸ்டி அப்போது 1.1இல் நின்றிருந்தது. உலகம் தன்னிலிருந்தே தொடங்குவதாகப் பாவித்து 1.0 என்று எண்ணியிருக்கலாம்; அப்படிச் செய்யவில்லை. பிறந்த குடியை மறைக்காத எண் அது என்றே நாம் வாசிக்கிறோம்.

அதைவிடப் பெரிய செய்தி, நிரல் வைக்கப்பட்ட முறை. அக்காலத்தில் திட்டங்களின் நிரற்களஞ்சியம் உள்வட்டத்தாருக்கு மட்டுமே திறந்திருந்தது. வெளியிலிருப்போர் முடிந்த பதிப்பை மட்டுமே காண்பர். ஓப்பன்பிஎஸ்டி பெயர் தெரியாத எவரும் களஞ்சியத்தை வாசிக்கலாம் என்று திறந்துவிட்டது. எந்த வரி, எந்த நாளில், யாரால், ஏன் மாறிற்று என்பதெல்லாம் வெளிச்சத்துக்கு வந்தது. அச்சான நூலோடு அடித்தல் திருத்தல் நிறைந்த கையெழுத்துப் படியையும் வாசகன் கையில் கொடுப்பதைப் போன்றது இது. அனுமதி பறிக்கப்பட்ட ஒருவர் செய்த முதற்காரியம் எல்லார்க்கும் வாசிக்கும் அனுமதி அளித்தது! இதைப் பழிவாங்கல் என்று பெயரிட எவருக்கு மனம் வரும்?

அதே 1996 கோடையில் தணிக்கை தொடங்கிற்று. ஒரு சிறு குழு கோப்பு கோப்பாக, வரி வரியாக மூல நிரலை வாசித்து வழுக்களைக் களைந்தது. சி மொழியில் நூறு எழுத்துக்கு ஒதுக்கிய இடத்தில் இருநூறு எழுத்து வந்து விழுந்தால் மிச்சம் பக்கத்து நினைவகத்தில் வழியும். தாக்குவோர் அந்த வழிசலுக்குள் தம் கட்டளையை நுழைத்துவிடுவர். இதைத் தவிர்க்க 1998இல் 2.4 வெளியீட்டில், இட அளவை மீறாமல் எழுத்துத்தொடரைப் படியெடுக்கும் இரு சார்புகளைச் சேர்த்தார்கள். லினக்ஸ் அமைப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு அடிப்படையான குனு சி நூலகம் அவற்றை ஏற்கப் பல்லாண்டுகள் மறுத்து, 2023இல்தான் சேர்த்துக்கொண்டது. கால் நூற்றாண்டு! பாடபேதம் பார்த்துப் பதிப்பிக்கும் பொறுமையை மதிக்கத் தெரிந்த நாம் இந்த வாசிப்பையும் மதிக்கக் கற்க வேண்டும்.

'அதை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள்?' என்பது அடுத்த ஏளனம். விற்பனை எண்ணிக்கையால் கவிதைத் தொகுப்பை அளக்கும் அதே முழக்கோல். ஓப்பன்பிஎஸ்டியைத் தம் மேசையில் வைத்திருப்போர் சிலரே. ஆனால் 1999 டிசம்பரில் அதன் 2.6 வெளியீட்டோடு வந்த ஓப்பன்எஸ்எஸ்எச், தொலைவிலுள்ள வழங்கிக்குள் மறையாக்கத்தோடு நுழைவதற்கான பொதுவழியாக உலகெங்கும் நிலைபெற்றது. அது லினக்ஸில் இருக்கிறது, மேக்கில் இருக்கிறது, 2018 முதல் விண்டோஸிலும் இருக்கிறது. தியோ டி ராட்டை விலக்கிய நெட்பிஎஸ்டியிலும் இருக்கிறது. வெளியேற்றியவர் வீட்டுக் கதவுக்கும் வெளியேறியவர்தான் பூட்டுச் செய்து கொடுத்திருக்கிறார். அவ்வீட்டாரும் தயக்கமின்றி அதை மாட்டிக்கொண்டார்கள். இரு தரப்புக்கும் இது பெருமையே.

ஆகவே நண்பர்களே, ஒரு கிளை பிரியும் செய்தி வரும்போது சண்டையின் ருசியைத் தேடி ஓட வேண்டாம். பிரிந்தவர் நல்லவரா, இனிமையாகப் பேசுகிறவரா என்பதை அவரோடு பணிபுரிவோர் பார்த்துக்கொள்ளட்டும். வாசகர்களாகிய நாம் கேட்க வேண்டியது அவருடைய முதல் வெளியீடு எங்கே என்பதை. அது வராவிட்டால் மறந்துவிடுவோம். வந்தால் உட்கார்ந்து வாசிப்போம்.