கேட்டல் அமையுமோ?

2025 சூலை 27இல் கங்கைகொண்ட சோழபுரத்து ஆடித் திருவாதிரை விழாவின்கண் இளையராஜா அவர்கள் தம் குழுவினரோடு திருவாசக இசை நிகழ்த்தினார். 2005இல் அவர் அங்கேரி நாட்டுப் புடாபெஸ்ட் இசைக்குழுவினரைக் கொண்டு ஆக்கிய திருவாசகச் சிம்பனியைச் சைவருட் சிலர் புகழ்ந்தும் சிலர் இகழ்ந்தும் இன்றுகாறும் பேசி வருகின்றனர். பண்ணைப்புரத்திற் பிறந்த அவருக்குத் திண்டுக்கல்லை அடுத்த காந்திகிராமக் கிராமியப் பல்கலைக்கழகம் 2022 நவம்பர் 11இல் மதிப்புறு முனைவர் பட்டம் நல்கிற்று. ஆதலின் திண்டுக்கற் சைவர் இவ்வழக்கினை அயலார் வழக்கென்று ஒதுக்குதற்கில்லை.

இகழ்வார் கூறும் தடை இரண்டு. "திருவாசகம் தனியோருயிர் இறைவன்முன் அழுத அழுகை, அதனைப் பலர் கூடி முழங்குதல் மேனாட்டு வழக்கு" என்பது ஒன்று. அற்றேல், திருவெம்பாவை பாடுவார் ஒருவரோ, பலரோ? திருப்பொற்சுண்ணம் இடிப்பார் ஒருவரோ, பலரோ? மகளிர் பலர் குரலியைந்து பாடுவனவாக அடிகளே அருளினார். அத் திருப்பொற்சுண்ணம் சிம்பனியினும் இடம்பெற்றது. ஆகலின் இத்தடை நூலறியாதார் கூற்றாம்.

"கத்தோலிக்கப் பாதிரியார் முன்னின்று வெளியிட்டார், ஆங்கில மொழியும் விரவிற்று" என்பது மற்றொன்று. போப்பையர் 1900இல் திருவாசகத்தை ஆங்கிலத்திற் பெயர்த்து வெளியிட்டதனைப் போற்றிய சைவர்க்கு, இதனை முனிதற்கு நியாயம் யாது? மணியை யார் ஏந்தினும் ஒளி மணியினதே.

இனிப் புகழ்வார் கூற்றே பெரிதும் மறுக்கற்பாலது. "திருவாசகம் இனி உலகெங்கும் ஒலிக்கும், நம் கடன் தீர்ந்தது" என்பர் அவர். அந்தோ! சிம்பனியுள் இடம்பெற்றவை 51 பகுதிகளுட் சிலவே. அன்றியும், ஆரட்டோரியோ என்னும் மேனாட்டு இசைவகை அவையினர் வாளா அமர்ந்து கேட்டற்குரியது. ஆண்டல் என்பாரது 'மெசையா' 1742இல் டப்ளின் நகரத்து இசையரங்கில் அங்ஙனமே முதற்கண் நிகழ்ந்தது. திருவாசகமோ ஓதுதற்குரியது. ஓதுவான் நாவும் நெஞ்சும் ஒருங்கே உருகுதல் அதன் பயன். பிறர் நா ஓதத் தன் செவி மட்டும் இன்புறுதல் அப்பயனாகாது.

கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை என ஞானத்திற்குப் படி நான்கு வகுத்தது சித்தாந்தம். ஆசிரியன்பாற் கேட்ட கேள்வியும் ஆண்டு முதற்படியே. அங்ஙனமாக, அரங்கிற் கேட்டமை ஒன்றானே அமைதல், பத்மகிரியின் அடிவாரப் படியில் நின்று மலைமுடி கண்டேன் என்றல் போலும்.

திருவாசக முற்றோதலுக்குப் பல்லியம் வேண்டா, பொருளும் வேண்டா. ஒரு பகற்பொழுதும், கூடியிருக்கும் அடியாரும் அமையும். இசையரங்கிற்குத் திரளும் கூட்டத்திற் பத்திலொரு பங்கினரேனும் அபிராமியம்மை திருக்கோயிலில் திங்கள்தோறும் கூடி ஓதுவரேல், அவர்தம் சிறார் ஓதுவார் துணையின்றியே சிவபுராணம் சொல்லுவர். ஓதாது விடுவரேல், ஓதுவார் குரல் ஓய்ந்தபின் ஒலித்தட்டே எஞ்சும்.

இசைவாணர் தம் பணியைச் செய்து முடித்தார். சைவர் பணி செய்யப்படாதே கிடக்கின்றது. அதனைச் சிம்பனியின் தலைமேற் சுமத்துதல் தகாது.

சிவம்.