பாலர் கல்வியும் கட்டற்ற மென்பொருளும்

1956 நவம்பர் 1-ஆந் தேதி நாஞ்சில் நாடு தாய்மொழியின் பேரால் தமிழகத்துடன் இணைந்தது. களியக்காவிளையைத் தாண்டிய மாத்திரத்தில், கேரள சர்க்கார் பள்ளிகளில் பாலர் கணினி பயில்வது கட்டற்ற மென்பொருளிலேயாம்.

அத்தகையவற்றுள் ஒன்று, 2000-ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரரான புரூனோ குடுவான் தொடங்கிய ‘ஜிகாம்ப்ரி’. இரண்டு முதல் பத்து வயதுடையோர் எழுத்தையும் எண்ணையும் விளையாட்டாகக் கற்க உதவுவது. விலையில்லை என்பதன்று அதன் பெருமை. இன்று இலவசமாய்த் தந்தவன் நாளை விலை கேட்கலாம். இதிலோ மூலநிரலைத் திருத்தவும், நம் மொழியில் பெயர்க்கவும், பிறர்க்கு வழங்கவும் எவருடைய அனுமதியும் வேண்டுவதில்லை.

ஆனால் உரிமை தானாகத் தமிழ் பேசாது. நாகர்கோவில் ஆசிரியர்களும் பொறியியல் மாணவர்களும் கூடி அதன் தமிழைச் செம்மைப்படுத்தி, நம் சிறாருக்கு விளங்கும் குரலைப் பதிய முன்வருவார்களாக. மொழிக்காக எல்லையையே மாற்றிய நாம் இச்சிறு தொண்டுக்குப் பின்வாங்கலாமா?