கல்லூரி நூல் நிலையத்தின் கதவு ஊருக்குத் திறக்குமா?

சாரல் அடிக்கத் தொடங்கிவிட்டால் குற்றாலத்தில் கால் வைக்க இடம் இருக்காது. ஊர் ஊராக ஜனங்கள் வந்து குவிவார்கள். ஏழையா, பணக்காரரா, படித்தவரா, படிக்காதவரா என்று அருவி பார்ப்பதில்லை. எல்லார் தலையிலும் ஒன்றுபோலவே விழுகிறது.

அந்தக் குற்றாலத்தில்தான் ஸ்ரீ பராசக்தி மகளிர் கல்லூரி இருக்கிறது. 1964-ம் ஆண்டில் தொடங்கிய கல்லூரி. குற்றாலநாதர் கோவில் சார்பில் நடப்பது. அதற்கு முந்திய ஆண்டு, 1963-ல், ஆழ்வார்குறிச்சியில் ஸ்ரீ பரமகல்யாணி கல்லூரி ஏற்பட்டது. அதற்கு முன்பெல்லாம் கல்லூரிப் படிப்பு என்றால், இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் பெரும்பாலும் திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும்தான் போக வேண்டியிருந்தது.

2019-ம் ஆண்டு நவம்பரில் தென்காசி தனி மாவட்டம் ஆயிற்று. கலெக்டர் ஆபீஸ் வந்தது. மற்ற ஆபீசுகளும் வந்தன. இனி எதற்கும் திருநெல்வேலியை எதிர்பார்க்க வேண்டாம் என்று மக்கள் மகிழ்ந்தார்கள்.

ஆபீஸ் வந்தால் மட்டும் போதுமா? அறிவு வளரவும் வழி வேண்டாமா? கல்லூரிகளின் நூல் நிலையங்களில் நல்ல நல்ல புத்தகங்கள் இருக்கின்றன. அவை மாணவருக்கும் ஆசிரியருக்கும் மட்டும்தானா? ஊருக்கும் அதில் பங்கு உண்டா?

மூன்று வருஷம்தானா?

தென்காசி மாவட்டத்தில் பல ஊர்களில் பெண்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பீடி சுற்றுகிறார்கள். மடியில் முறம், முறத்தில் இலையும் தூளும். அந்தக் கூலியைச் சேர்த்து மகளைக் கல்லூரிக்கு அனுப்பும் தாய்மார்கள் எத்தனையோ பேர்.

மகள் மூன்று வருஷம் படிக்கிறாள். நூல் நிலையத்தில் புத்தகம் எடுக்கிறாள். பரீட்சை முடிந்ததும் எடுத்த புத்தகங்களையும் நூல் நிலைய அட்டையையும் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வருகிறாள். பட்டம் கைக்கு வருகிறது. புத்தகம் கையை விட்டுப் போகிறது.

அவளைப் படிக்க வைத்த தாயோ அந்த அறைக்குள் ஒரு நாளும் காலடி வைத்ததில்லை. "அதெல்லாம் படிச்சவங்க இடம்" என்று ஒதுங்கி நிற்கிறாள். இந்த எண்ணம் மாற வேண்டும். எப்படி மாறும்? ஊராரைக் கூப்பிட்டு, அங்கேயே உட்கார வைத்து, அவர்களுக்குப் புரியும்படி பேசினால் மாறும்.

ஊரில் என்ன வசதி உண்டு?

சென்னை ராஜ்யத்தில் 1948-ம் ஆண்டில் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. சுதந்திர இந்தியாவில் இப்படி ஒரு சட்டம் வந்தது இதுவே முதல் தடவை. இன்று நாம் கட்டும் சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு நூலக வரியாகப் போகிறது. அதாவது, பொது நூலகம் நம் பணத்தில் நடக்கிறது.

தென்காசியில் வ.உ.சி. பெயரில் நூலகம் இருக்கிறது. போட்டிப் பரீட்சைக்குப் படிக்கும் இளைஞர்களுக்கு அது பெரிய துணை. மாவட்டந்தோறும் புத்தகக் காட்சி நடத்துவது என்று 2022-ல் தமிழக அரசு முடிவு செய்தது. தென்காசியில் அது பொதிகைப் புத்தகத் திருவிழா என்ற பெயரில் நடந்திருக்கிறது. குடும்பத்தோடு போய்ப் பார்த்தவர்கள் பலர்.

ஆனால் திருவிழா சில நாள்தான். பந்தலைப் பிரித்த பிறகு என்ன செய்வது? அங்கேதான் கல்லூரி உதவ முடியும். செடி கொடி, மண், தண்ணீர், சரித்திரம், சட்டம் என்று ஒவ்வொரு துறைக்கும் அங்கே புத்தகம் உண்டு. அதைப் படித்துத் தேர்ந்த ஆசிரியரும் பக்கத்து அறையிலேயே இருக்கிறார். இந்த இரண்டும் ஒரே இடத்தில் கிடைப்பது கல்லூரியில் மட்டுமே.

வட்டத்தொட்டி காட்டிய வழி

இது ஒன்றும் புதுமை அல்ல. ரசிகமணி டி.கே.சி. என்று எல்லோரும் அழைக்கும் டி.கே.சிதம்பரநாத முதலியார், திருநெல்வேலியில் தம் வீட்டுத் தொட்டிக்கட்டு முற்றத்தில் நண்பர்களைக் கூட்டினார். வட்டமாக இருந்த முற்றம் ஆனதால், 'வட்டத்தொட்டி' என்ற பெயர் அந்தக் கூட்டத்துக்கே நிலைத்தது. பிறகு அவர் குற்றாலத்துக்கே வந்து தங்கினார். கூட்டமும் உடன் வந்தது. ராஜாஜியும் கல்கியும் அங்கே வந்து கவிதை கேட்டார்கள்.

டி.கே.சி. செய்தது என்ன? கம்பன் பாட்டை எடுப்பார். நிறுத்தி, நிதானமாகப் படிப்பார். பேச்சுத் தமிழில் விளக்குவார். பண்டிதர்களின் சொத்தாக இருந்த பாட்டு சாதாரண மனிதனுக்கும் சொந்தமாயிற்று. அவர் 1954-ல் மறைந்தார். கூட்டம் கலைந்தது, வழி மறையவில்லை. புத்தகம் ஒன்று, அதை ரசித்தவர் ஒருவர், கேட்க நாலு பேர். இவ்வளவு இருந்தால் போதும்.

கதவைத் திறந்தவர்

சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். லண்டனுக்குப் போய்ப் பயிற்சி பெற்றார். அங்கே தொழிலாளியும் குழந்தையும் நூல் நிலையத்துக்குள் சர்வ சாதாரணமாக வந்து போவதைப் பார்த்தார். திரும்பி வந்து, அதையே இங்கும் செய்ய வேண்டும் என்று பாடுபட்டார். புத்தகம் அலமாரியில் பூட்டி வைக்கும் பொருள் அல்ல என்பதுதான் அவர் கொள்கையின் ஆரம்பம்.

1931-ல் மன்னார்குடிப் பக்கத்தில் மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோனார்கள். மனிதன் புத்தகத்தைத் தேடி வராவிட்டால், புத்தகம் மனிதனைத் தேடிப் போனது!

மலைக்கு அந்தப் பக்கம்

செங்கோட்டை 1956-ம் ஆண்டு நவம்பர் 1-ந் தேதிதான் நம் ராஜ்யத்தோடு சேர்ந்தது. அதுவரை திருவிதாங்கூர் - கொச்சியில் இருந்தது. அந்த மலையாள நாட்டில் பி.என்.பணிக்கர் என்ற ஆசிரியர் 1945-ல் அம்பலப்புழையில் 47 நூல் நிலையங்களை ஒன்று சேர்த்து ஒரு சங்கம் கண்டார். இன்று அங்கே கிராமத்து நூல் நிலையம் என்றால் புத்தகம் மட்டும் அல்ல. கூட்டமும் பேச்சும் விவாதமும் சேர்ந்ததே. அந்தச் சங்கத்துக்கு 1975-ல் யுனெஸ்கோ பரிசும் கிடைத்தது. மலைக்கு அந்தப் பக்கம் நடப்பது இந்தப் பக்கம் நடக்காதா?

என்ன தடை?

கல்லூரியைச் சொல்லியும் குற்றம் இல்லை. புத்தகம் காணாமல் போனால் நூலகர் பதில் சொல்ல வேண்டும். பெண்கள் கல்லூரி என்றால் பாதுகாப்பு முக்கியம். பரீட்சை நேரத்தில் சத்தம் கூடாது. இவை நியாயமான கவலைகள்.

இன்னொரு சங்கடமும் உண்டு. கல்லூரிக்குத் தரம் போடும்போது, அது ஊருக்குச் செய்த சேவையையும் பார்க்கிறார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் சில இடங்களில் இது வெறும் சடங்காகிவிடுகிறது. பேனர் கட்டுகிறார்கள். பொன்னாடை போர்த்துகிறார்கள். படம் எடுக்கிறார்கள். கூட்டம் கலைகிறது. வந்தவர்கள் காபி குடித்துவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள்.

கூட்டம் வெற்றியா, இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணிப் பயன் இல்லை. பேச்சு முடிந்த பிறகு எத்தனை பேர் புத்தகத்தைக் கையில் எடுத்தார்கள் என்று எண்ண வேண்டும். அதுதான் உரைகல்.

இதற்கு வழி இருக்கிறது. மாதம் ஒரு சனிக்கிழமை பிற்பகலில் மட்டும் ஊராரைக் கூப்பிடலாம். முதலில் தாய்மார்களையும் பழைய மாணவிகளையும் அழைக்கலாம். அன்றைய பேச்சுக்குச் சம்பந்தமான இருபது முப்பது புத்தகங்களை மேஜையில் எடுத்து வைக்கலாம். வீட்டுக்குக் கொடுக்க முடியாவிட்டாலும், அங்கேயே உட்கார்ந்து படிக்க விடலாம். படிக்கத் தெரியாதவருக்கு ஒரு மாணவி படித்துக் காட்டலாம்.

நாட்டு நலப்பணித் திட்டம் 1969-ல் வந்தது. அன்று முதல் மாணவர்கள் கிராமத்துக்குப் போய்த் தொண்டு செய்கிறார்கள். மாதம் ஒரு நாள் கிராமம் கல்லூரிக்கு வரட்டுமே!

எதைப் பேசுவது?

ஊராருக்கு வேண்டியதைப் பேச வேண்டும். பீடித் தொழிலாளர் நல நிதிச் சட்டம் 1976-ல் வந்தது. தொழிலாளரின் பிள்ளைகளுக்குப் படிப்பு உதவித்தொகை உண்டு. இணையத்தில் மனுப் போட வேண்டும். எப்படிப் போடுவது என்று ஒரு நாள் சொல்லிக் கொடுங்கள். கூட்டத்துக்கு இடம் போதாது!

புளியங்குடி எலுமிச்சைக்குப் பேர் போன ஊர். எலுமிச்சையில் வரும் நோயைப் பற்றித் தாவரவியல் ஆசிரியர் பேசலாம். குற்றால மலையில் பிறந்து தாமிரபரணியில் கலக்கும் சிற்றாறு எத்தனை குளங்களை நிரப்புகிறது என்று ஒருவர் பேசலாம். மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் பாடிய குற்றாலக் குறவஞ்சியைப் பற்றி இன்னொருவர் பேசலாம். அந்தக் கவிராயருக்கு மானியமாகக் கிடைத்த நிலத்துக்குக் குறவஞ்சி மேடு என்றே பெயர். இதைக் கேட்டால் குழந்தைகளும் காதைத் தீட்டிக்கொள்வார்கள்.

தென்காசிக் கோவிலை 1446-ல் பராக்கிரம பாண்டியன் கட்டத் தொடங்கினான். பிற்காலத்தில் இந்தக் கோவிலுக்குக் குறை வந்தால், அதைச் சரி செய்து காப்பவர்களின் காலில் இப்போதே விழுந்து வணங்குவதாக அவன் கல்லில் எழுதி வைத்தான். ராஜா கும்பிட்டது யாரை? பின்னால் வரப்போகும் ஜனங்களை! தனக்குச் சொந்தம் என்று நினைக்கும் பொருளை ஊர் கைவிடாது என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது.

நூல் நிலையத்துக்கும் இது பொருந்தும். ஊரார் உள்ளே வந்தால் புத்தகம் குறைந்துவிடும் என்று பயப்பட வேண்டாம். தன் மகள் படித்த புத்தகத்தைத் தாயும் ஒரு தடவை கையில் எடுத்துப் பார்க்கட்டும். பிறகு அந்த நூல் நிலையத்துக்கு அவளே காவல்.