அழைக்கும் அலுவலகம்

மாணவ நண்பர்களே, ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். கடந்த ஒரு வாரத்தில் கணக்கிலோ இயற்பியலிலோ உங்களுக்கு எழுந்த ஐயங்களை யார் யாரிடம் கேட்டீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். பக்கத்தில் அமர்ந்திருப்பவரின் பெயர்தான் பலமுறை வரும். அடுத்த பெஞ்சுக்காரர் ஓரிரு முறை வருவார். பக்கத்துப் பிரிவில் படிக்கும் மாணவர் கணக்கில் புலியாகவே இருந்தாலும் பட்டியலில் இடம்பெறுவது கடினம்.

அமெரிக்காவின் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த தாமஸ் ஆலன் இதையே பொறியாளர்களிடம் அளந்து பார்த்தார். இருவருடைய மேசைகளுக்கு இடையிலுள்ள தூரம் ஓர் அச்சில். அவர்கள் வாரத்துக்கு ஒரு முறையேனும் வேலை பற்றிப் பேசிக்கொள்ளும் வாய்ப்பு மற்றோர் அச்சில். 1977இல் வெளிவந்த அவருடைய நூலில் உள்ள வளைகோடு செங்குத்துப் பாறைபோல் சரிகிறது. ஏறக்குறைய 50 மீட்டருக்கு அப்பால் தரையோடு தரையாகி விடுகிறது. 50 மீட்டர் என்பது உங்கள் ஓட்டப் பந்தயத்தில் பாதி தூரம்தான்!

2020ஆம் ஆண்டின் கொரோனா தொற்றுக்குப் பின் பல நிறுவனங்களில் இந்தத் தூரம் மீட்டரிலிருந்து கிலோமீட்டருக்குத் தாவிவிட்டது. ஊழியர்கள் வாரத்தில் சில நாட்கள் வீட்டிலும் சில நாட்கள் அலுவலகத்திலும் வேலை செய்கிறார்கள். இதற்கு ஹைப்ரிட் முறை என்று பெயர். தாவரவியலில் நீங்கள் படிக்கும் கலப்பினப் பயிருக்கும் இதே சொல்தான். ஊழியர்களை அலுவலகத்துக்கு வரவழைக்கச் சில நிறுவனங்கள் கட்டிடத்தையே மாற்றிக் கட்டுகின்றன. சுவர்களை இடித்துக் கண்ணாடி வைக்கிறார்கள். சோபா, மேஜைப் பந்து, விதவிதமான காபி எல்லாம் வருகின்றன. இந்தச் செலவில் பெரும்பகுதி வீண் என்பது என் கருத்து. சோபாவும் காபியும் வீட்டிலேயே இருக்கின்றனவே!

வீட்டிலிருந்து வேலை செய்பவர் சோம்பேறி என்று சொல்ல வரவில்லை. சீனாவின் ஒரு பெரிய பயண ஏற்பாட்டு நிறுவனத்தில் 1,612 ஊழியர்களிடம் இதைச் சோதித்தார்கள். ஒரு பிரிவினர் வாரத்தில் இரண்டு நாள், புதனும் வெள்ளியும், வீட்டிலிருந்து வேலை செய்தனர். 2024இல் முடிவு வெளியாயிற்று. அவர்களுடைய வேலைத்திறன் குறையவில்லை. வேலையை விட்டுப் போவோர் எண்ணிக்கையோ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது.

அப்படியானால் அலுவலகத்துக்கு ஏன் வர வேண்டும்? இந்தக் கேள்வி உங்களைத்தான் அதிகம் பாதிக்கிறது. ஏனெனில் இன்னும் சில ஆண்டுகளில் ஏதேனும் ஓர் அலுவலகத்தில் ஒன்றும் தெரியாத புதியவராக நுழையப் போகிறவர் நீங்கள். அமெரிக்காவில் ஒரு நிறுவனத்தின் கம்ப்யூட்டர் பொறியாளர்களைப் பொருளியல் அறிஞர்கள் ஆராய்ந்தனர். தம் குழுவினர் எல்லாரும் இருந்த அதே கட்டிடத்தில் அமர்ந்தவர்களுக்கு, அவர்கள் எழுதிய புரோகிராமைப் பற்றிய திருத்தங்களும் யோசனைகளும் கூடுதலாகக் கிடைத்தன. இளையவர்களுக்கே இதில் ஆதாயம் அதிகம். வேலை தெரிந்த மூத்தவருக்கு வீடு போதும். கற்றுக்கொள்ள வேண்டியவருக்குத்தான் பக்கத்து மேசையில் ஒருவர் வேண்டும்.

ஆகவே அலுவலக வடிவமைப்பில் முதலில் வரைய வேண்டியது சுவர் அல்ல, காலண்டர். சற்றுக் கணக்குப் போடுவோம். ஒரு குழுவில் 5 பேர். ஒவ்வொருவரும் வாரத்தின் 5 வேலை நாட்களில் தம் விருப்பப்படி ஏதேனும் 2 நாள் வருகிறார்கள். நீங்கள் வரும் ஒரு நாளில், குறிப்பிட்ட ஒரு தோழர் வந்திருக்கும் நிகழ்தகவு 2/5. மற்ற நால்வரும் வந்திருக்க, 2/5ஐ நான்கு முறை பெருக்க வேண்டும். விடை 16/625, அதாவது ஏறக்குறைய நாற்பதில் ஒன்று. வாரம் இரு நாள் வருகிற உங்களுக்கு அப்படி ஒரு நாள் வாய்க்கச் சுமார் 20 வாரம் ஆகும். ஒருவருமே வராதிருக்கும் நிகழ்தகவோ 81/625, ஏறக்குறைய எட்டில் ஒன்று. மாதத்துக்கு ஒரு முறை காலி மேசைகளுக்கு நடுவில் தனியே அமர்ந்திருப்பீர்கள். இதற்காகவா பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்தோம் என்று தோன்றாதா? ஐவரும் பேசி வைத்துக்கொண்டு ஒரே இரண்டு நாட்களில் வந்தால் ஒரு செங்கல்லைக்கூட நகர்த்தாமலே இந்தக் குறை தீர்ந்துவிடும்.

சுவரை இடிக்கும் விஷயத்துக்கு வருவோம். தடுப்புகளை எடுத்துவிட்டால் எல்லாரும் கூடிப் பேசுவார்கள் என்றுதானே நினைக்கத் தோன்றும்? பெர்ன்ஸ்டைன், டர்பன் என்ற இருவர் இரண்டு நிறுவனங்களில் ஊழியர்களுக்குச் சிறு உணர்கருவிகளை அணிவித்துச் சோதித்தார்கள். திறந்தவெளி அலுவலகத்துக்கு மாறியபின் நேருக்கு நேர் பேசுவது சுமார் 70 விழுக்காடு குறைந்துபோயிற்று! மின்னஞ்சல் பெருகிற்று. 2018இல் வெளியான முடிவு இது. எல்லார் கண்ணும் காதும் தம்மேல் இருக்கும்போது மனிதர்கள் காதில் கருவியை மாட்டிக்கொண்டு குனிந்துகொள்கிறார்கள் போலும்.

ஒலியின் இயல்பையும் மறக்கலாகாது. 1895இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கட்டிய ஒரு விரிவுரைக் கூடத்தில் ஆசிரியர் பேசுவது ஒருவருக்கும் புரியவில்லை. சொன்ன சொல் அடங்க ஐந்தரை வினாடி ஆயிற்று. அதற்குள் அடுத்த பத்துச் சொற்கள் அதன்மேல் விழுந்துவிடும். வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியலாளர் பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளை இரவில் சுமந்து வந்து, அவற்றை அடுக்க அடுக்க எதிர்முழக்கம் எவ்வளவு குறைகிறது என்று அளந்தார். கட்டிட ஒலியியல் அந்த மெத்தைகளில்தான் பிறந்தது. கண்ணாடியும் பளிங்குத் தரையும் ஒலியைத் திருப்பி அனுப்பும். துணியும் மெத்தையும் அதை விழுங்கும். ஹைப்ரிட் அலுவலகத்தில் பாதிப்பேர் வீட்டில் இருப்பவர்களோடு கம்ப்யூட்டரில் உரக்கப் பேசிக்கொண்டிருப்பார்கள். அங்கே போய்க் கண்ணாடிச் சுவர் வைப்பது எனக்கு விளங்காத புதிர். கதவுள்ள சிறு அறைகள் நிறைய வேண்டும். யோசிக்க ஓர் இடமும் பேச ஓர் இடமும் தனித்தனியே இருந்தால்தான் இரண்டும் நடக்கும்.

பேசும் இடத்துக்கு எனக்குப் பிடித்த உதாரணம் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் உள்ள மூலக்கூறு உயிரியல் ஆய்வுக்கூடம். சிதம்பரத்தில் பிறந்து 2009இல் நோபல் பரிசு பெற்ற வெங்கி ராமகிருஷ்ணன் பணியாற்றிய இடம். 1962இல் அதை உருவாக்கிய மாக்ஸ் பெருட்ஸ், ஆய்வுக் கருவிகளுக்கு இணையாகக் கேன்டீனையும் மதித்தார். அவருடைய மனைவி கிசெலாவே அதை நெடுங்காலம் கவனித்து வந்தார். நோபல் பரிசு பெற்றவரும் நேற்றுச் சேர்ந்த மாணவரும் ஒரே மேசையில் தேநீர் அருந்தும் இடம் அது. தேநீர் எப்படி இருந்ததோ! எல்லாரும் ஒரே வேளையில் அங்கே வந்தார்கள் என்பதைத்தான் நான் கவனிக்கச் சொல்கிறேன்.

ஒரு நாள் நீங்கள் நேர்முகத் தேர்வுக்குப் போவீர்கள். பளபளக்கும் கூடத்தைச் சுற்றிக் காட்டுவார்கள். எல்லாவற்றையும் பார்த்து முடித்தபின், "எனக்குச் சொல்லித்தரப் போகிறவர் எந்தெந்தக் கிழமைகளில் வருவார், அவர் மேசை எங்கே இருக்கிறது?" என்று கேளுங்கள்.