அம்மி கொத்தலையோ, அம்மி!

சென்ற கார்த்திகை மாதம் அத்தையைப் பார்த்து வருவதற்காக இடைசெவலுக்குப் போயிருந்தேன். கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலிக்குப் போகும் வழியில் உள்ள கரிசல் கிராமம். கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும் பிறந்த ஊர் என்றால் கதை படிக்கும் சகோதரிகளுக்கு உடனே தெரிந்துவிடும்.

போன அன்றே மழை பிடித்துக்கொண்டது. மழையோடு மின்சாரமும் போயிற்று. ராத்திரிக்குக் கம்மஞ்சோறும் காணத் துவையலும் என்று அத்தை முடிவு செய்திருந்தாள். (நாம் கொள்ளு என்பதைத்தான் அந்தப் பக்கத்தில் காணம் என்கிறார்கள்.) மிக்ஸி வாயை மூடிக்கொண்டுவிட்டது. "அதனால் என்ன அத்தை, அம்மி இருக்கிறதே! நான் அரைக்கிறேன்" என்று வீறாப்பாகப் புடைவையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தேன்.

வறுத்த காணத்தை வைத்துக் குழவியை ஒரு தள்ளுத் தள்ளினேன். பாதிக் காணம் சுவரோரம் உருண்டு ஓடிற்று. மீதிப் பாதி குழவியின் அடியில் சறுக்கிக்கொண்டு முன்னும் பின்னும் போய் வந்ததே தவிர, ஒன்றுகூட உடையவில்லை. மிளகாய் வற்றலோ வழுக்குமரம் ஏறுகிறவன் மாதிரி வந்த வழியே திரும்பி வந்தது. வெளியே கரிசல் மண் காலை விடமாட்டேன் என்று பிடிக்கிறது; உள்ளே அம்மி ஒரு மிளகாயைக்கூடப் பிடிக்கமாட்டேன் என்கிறது!

"கல்லைத் தடவிப் பாரு" என்றாள் அத்தை. தடவினேன். கண்ணாடி தோற்றது. "கொத்திப் பத்துப் பதினைஞ்சு வருஷம் இருக்கும். கெணத்தடியிலே துணி துவைக்கப் போட்டிரலாம்னு நெனைச்சுக்கிட்டு இருக்கேன்" என்றாள். அன்று ராத்திரி கம்மஞ்சோற்றுக்கு மோரும் ஊறுகாயும்தான்.

அம்மி அரைப்பது கல்லின் கனத்தினால் மட்டும் என்று நான் அதுவரையில் நினைத்திருந்தேன். அது பாதி உண்மைதான். கனம் நசுக்கும், ஆனால் நசுங்குகிற பொருள் ஓடாமல் நின்றால்தானே நசுக்க முடியும்? அந்த வேலையைச் செய்பவை கல்லின் முகத்தில் உளியால் போட்ட சிறு சிறு பொளிகள். பொளியில் பருப்பு சிக்கிக்கொள்கிறது. பொளியின் விளிம்பு அதைக் கீறுகிறது. வருஷக்கணக்கில் அரைக்க அரைக்க விளிம்புகள் மழுங்கி, பொளிகள் தூர்ந்து, கல் வழவழப்பாகிவிடுகிறது. கல் கெட்டுப்போகவில்லை, பிடிப்புத்தான் போய்விட்டது. அதைத் திரும்பக் கொண்டுவருவதற்குத்தான் "அம்மி கொத்தலையோ, ஆட்டுக்கல் கொத்தலையோ!" என்று தெருவில் குரல் வந்துகொண்டிருந்தது. இப்போது அந்தக் குரல் அபூர்வமாகிவிட்டது.

என் அதிர்ஷ்டம், மூன்றாம் நாள் வெயில் அடித்தபோது அந்தக் குரல் தெருவில் கேட்டது. ஐம்பது வயதிருக்கும் ஓர் அம்மாள், தோளில் ஒரு பை, பையில் நாலைந்து உளி, ஒரு சுத்தியல்.

"எவ்வளவு கேட்கிறே?"

"அம்மிக்கும் குழவிக்கும் சேர்த்து இருநூறு குடுங்க, தாயி."

"நூற்றிருபதுக்குச் செய்வாயா?" என்றேன், பட்டணத்துச் சாமர்த்தியத்துடன். அவள் பதில் பேசாமல் பையைத் தூக்கிக்கொண்டாள். அத்தை நடுவில் புகுந்து, "நீ வேலையைப் பாரு, ஆத்தா. இவ கெடக்கா" என்று உட்காரவைத்தாள்.

அந்த வேலையைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். முதலில் உள்ளங்கையால் கல் முழுவதும் தடவினாள். ஒரே இடத்தில் அரைத்து அரைத்து நடுவில் பள்ளம் விழுந்திருந்தது. "பள்ளத்தைக் கொத்தினா இன்னும் பள்ளமாகும். மேட்டைத்தான் எறக்கணும்" என்று சொல்லி, ஓரங்களை முதலில் கொத்தித் தணித்தாள். பிறகு ஒரு முனையிலிருந்து மறு முனைவரை, கோலப் புள்ளி வைக்கிறாற்போல வரிசை வரிசையாகப் பொளி போட்டாள். பலமாக ஓங்கி அடிக்கவே இல்லை. மணிக்கட்டால் சின்னச் சின்னத் தட்டல். ஆனால் ஒன்று போல மற்றொன்று.

"ஆழமாப் போட்டா ரொம்ப நாள் வருமே?" என்று கேட்டேன்.

"வரும். பருப்பும் அதுக்குள்ளேயே தங்கி ஊசிப்போகும். விளிம்பு பேந்து சோத்திலே கல்லு கடிபடும். லேசாப் போட்டா ரெண்டு மாசத்திலே மறுபடி வழுக்கும். ரெண்டுக்கும் நடுவிலே போடறதுதான் தாயி வேலை."

குழவிக்கு இன்னும் மெல்லிய கொத்து. குழவி உருண்டு வரவேண்டியது. அதன் முகம் முரடாக இருந்தால் கை வலிக்குமாம். அரை மணிக்கொரு தரம் உளியை மாற்றிக்கொண்டாள். கருங்கல்லில் உளிமுனை சீக்கிரம் மழுங்கிவிடும். மழுங்கிய முனையைக் கொல்லன் உலையில் காய்ச்சி அடித்துத் தண்ணீரில் தோய்த்து மறுபடி கடினமாக்க வேண்டும். அந்தக் கூலியும் நாம் கொடுக்கும் இருநூறில்தான் அடக்கம்!

கோவில்பட்டியிலிருந்து சுமார் 20 கிலோமீட்டரில் கழுகுமலை இருக்கிறது. பாண்டியர் காலத்தில், எட்டாம் நூற்றாண்டில், முழுப் பாறையை மேலிருந்து கீழாக வெட்டி இறக்கிய வெட்டுவான் கோயிலைப் பார்த்துவிட்டு, "ஆகா!" என்று எல்லோரும் சொல்கிறோம். உளியும் அதே உளி, கல்லும் கல்தான். அம்மி கொத்துகிறவளிடம் மட்டும் எண்பது ரூபாய் குறைக்கப் பார்க்கிறோம்.

கொத்தும்போது அவள் முந்தானையால் மூக்கைச் சுற்றிக் கட்டியிருந்தாள். ஒரு கண் சிவந்திருந்தது. "நேத்து ஒரு சில்லு தெறிச்சிட்டுது" என்று சாதாரணமாகச் சொன்னாள். எனக்கு வயிற்றை என்னவோ செய்தது. கருங்கல் தூளில் படிகக்கல்லின் நுண்ணிய துகள் கலந்திருக்கிறது. பல வருஷங்கள் அது மூச்சோடு உள்ளே போனால் நுரையீரல் தழும்பேறிச் சுருங்கிப் போகும். சிலிகோஸிஸ் என்பது அந்த வியாதியின் பெயர். வந்தபின் குணப்படுத்த மருந்து கிடையாது. வராமல் தடுக்கத்தான் முடியும். மிக நுண்ணிய தூசியைப் புடைவைத் தலைப்பு தடுக்காது. கல்லை அடிக்கடி நனைத்துக்கொண்டால் தூசி அடங்கும். நான் ஒரு செம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து வைத்துத் தெளித்துக்கொண்டே இருந்தேன். பேரம் பேசிய வாய்க்கு அதுதான் பிராயச்சித்தம்.

ஊருக்குத் திரும்பியதும் இந்தக் கதையைக் கனடாவில் இருக்கும் அக்காள் மகனுக்கு எழுதினேன். அவன் பதில் வேடிக்கையாக இருந்தது. அங்கே பனியின் மேல் இரண்டு நீளமான பட்டைகளைக் காலில் கட்டிக்கொண்டு மைல் கணக்கில் நடக்கிறார்கள். முன்னால் வழுக்க வேண்டும். காலை ஊன்றி உந்தும்போது பின்னால் வழுக்கக் கூடாது. இதற்காகச் சிலர் அடிப்பக்கம் பனியின் குளிருக்குத் தகுந்த மெழுகைத் தேய்க்கிறார்கள். மெழுகு வேண்டாத ஒரு வகையில், பாதத்துக்கு நேர் கீழே மீன் செதில் மாதிரி அடுக்கடுக்காக வெட்டியிருக்குமாம். நாளாவட்டத்தில் செதிலின் விளிம்பு மழுங்கிப் போனால், ஏற்றத்தில் ஓரடி வைத்தால் ஈரடி சறுக்கும். அப்போது கூரான தகட்டால் விளிம்புகளைச் சீவிக் கூராக்குவார்கள். அல்லது பிடிப்பு மெழுகைத் தேய்ப்பார்கள். "சித்தி, நானும் என் பட்டையைக் கொத்திக்கொண்டுதான் இருக்கிறேன்" என்று எழுதியிருந்தான்! அம்மிக்கும் அதற்கும் ஒரு வித்தியாசம்: அம்மி இரண்டு பக்கமும் பிடிக்க வேண்டும், அது ஒரு பக்கம் மட்டும்.

இனி, வீட்டில் கல் உள்ள சகோதரிகளுக்குச் சில குறிப்புகள்.

கல்லை ஈரமில்லாமல் துடைத்து உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பு இருந்தால் போதும். கண்ணாடிபோல் இருந்தால், அல்லது மிளகாய் அரைபடாமல் நழுவினால், கொத்தும் காலம் வந்துவிட்டது. ஆட்டுக்கல்லானால் குழியின் சுவரையும் குழவியின் வயிற்றையும் பார்க்க வேண்டும். திரிகையானால் இரண்டு கல்லின் உள்முகத்திலும் நடுவிலிருந்து ஓரத்துக்கு ஓடும் வரிகளைப் பாருங்கள். மாவு வெளியே வருவது அவற்றின் வழியாகத்தான்.

மின்சாரக் கிரைண்டர் வைத்திருப்பவர்கள் "நமக்கென்ன?" என்று இருக்க வேண்டாம். கோயமுத்தூரில் பிறந்து நம் வீடுகளுக்கு வந்த அந்த யந்திரத்திலும் உள்ளே இருப்பது கருங்கல்தான். முன்னைவிட நேரம் பிடித்து, மாவு சூடேறினால் கல் மழுங்கியிருக்கலாம். ஆனால் இதில் கொத்து ஒரு பக்கம் கூடி ஒரு பக்கம் குறைந்தால் கல் ஆடும். பழக்கப்பட்டவரிடம்தான் கொடுக்க வேண்டும்.

கொத்தி முடித்ததும் உடனே சமையலுக்கு அரைத்துவிடாதீர்கள். தேங்காய் நார் போட்டுத் தேய்த்து நிறையத் தண்ணீர் விட்டு அலம்புங்கள். பிறகு கல்லுப்பும் தவிடும் சேர்த்து அரைத்து வழித்து எறியுங்கள். கடைசியாக ஒரு பிடி ஊறின அரிசி. அதையும் எடுத்து விரலிடையே நசுக்கிப் பாருங்கள். நெருடினால் இன்னொரு தரம். குழந்தைகள் சாப்பிடும் வீட்டில் இந்தப் பொறுமை அவசியம்.

கொத்துகிறவர் வந்தால் நிழலும் காற்றும் உள்ள முற்றத்தில் இடம் கொடுங்கள். பக்கத்தில் தண்ணீர் வையுங்கள். குழந்தைகளை எட்டி நிற்கச் சொல்லுங்கள்.

இடைசெவலில் அன்று உப்பும் தவிடும் அரிசியும் அரைத்து முடிந்தபின், காணத்தை மறுபடி வறுத்து வைத்துக் குழவியைத் தள்ளினேன். 'கறுக்'கென்று ஒரு சத்தம். ஒரு மணிகூட ஓடவில்லை. மிளகாய், புளி, தேங்காய், உப்பு எல்லாம் ஒன்றாகி வழித்தெடுத்தபோது கையெல்லாம் மணம். அத்தை முதல் உருண்டையை ஒரு தட்டில் கம்மஞ்சோற்றோடு வைத்துக் கொத்தினவளுக்குக் கொடுத்தாள்.

அவள் ஒரு வாய் எடுத்து, நாக்கால் மெல்லத் துழாவிப் பார்த்தாள். துவையலின் ருசியைப் பார்க்கிறாள் என்று நினைத்தேன்.

"கல்லு கடிபடலை, தாயி" என்று சொல்லிச் சிரித்தாள். அத்தையிடம் பணத்தை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, அடுத்த தெருவுக்குக் குரல் கொடுத்துக்கொண்டே போனாள்.

அம்மி இப்போது கிணற்றடிக்குப் போகவில்லை. அடுப்பங்கரையில்தான் இருக்கிறது.