பிடியரிசியும் ஜெபமும்

ஜெபத்தை நம்புகிறவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள் என்ற குற்றச்சாட்டு பழையது. மிசோரம் திருச்சபைகளின் வரலாறு அதை மறுக்கிறது. அங்கே 1910 வாக்கில் தொடங்கிய வழக்கம் 'புஃபாய் தாம்'. நம்மூர்ப் பிடியரிசியேதான். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசியைக் கடவுளுக்கென்று தனியே எடுத்துவைப்பார்கள். சபைப் பெண்கள் வீடுவீடாகப் போய் அதைச் சேர்ப்பார்கள். விற்று வரும் பணம் திருச்சபை ஊழியத்துக்குப் போகும். வழக்கம் வேரூன்றுவதற்குள், 1911-12இல், மூங்கில் பூத்து, எலிகள் பெருகி, விளைச்சல் போய்ப் பஞ்சம் வந்தது. அதையும் தாண்டி அது நிலைத்தது. காசு புழங்காத வீட்டிலும் அரிசிப் பானை உண்டு என்பதே இதன் சூட்சுமம். பணக்காரர் தயவுக்காக யாரும் காத்திருக்க வேண்டியதில்லை.

அரிசி சேர்க்க அமைப்பு போதுமே, ஜெபம் எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நன்கொடைத் திட்டங்கள் பெரும்பாலும் உற்சாகம் வடிந்ததும் ஓய்ந்துவிடுகின்றன. தினமும் அடுப்படியில் நினைவூட்டப்படும் கடமை அவ்வளவு எளிதில் ஓய்வதில்லை. அளக்கும் கையே ஜெபிக்கும் கையாகவும் இருக்கிறது. ஊர் பார்க்கிறதே என்ற கூச்சத்தில் கொடுப்பவர்களும் இருப்பார்கள்தான். சிறு ஊரில் சபையின் கண் கூர்மையானது. ஆனால் அந்தக் கண்தான், யார் வீட்டுப் பானை காலியாக இருக்கிறது என்பதையும் முதலில் காண்கிறது.