தீட்டைத் தொடாத சுகாதார வகுப்பு

பெண் குழந்தைகளின் உடல்நலத்திற்கென்று ஊர்கள்தோறும் வகுப்புகளும் பயிற்சி முகாம்களும் நடைபெறுவது பற்றி நமக்கு மிக்க மகிழ்ச்சியே. டாக்டர் வருகின்றார், நர்சம்மாள் வருகின்றார், படம் காட்டுகின்றார்கள், மாத்திரையும் நாப்கினும் கொடுக்கின்றார்கள். இவையாவும் வேண்டியவைதான். ஆனால் வகுப்பு முடிந்து வீடு திரும்புகின்ற பெண்ணை வாசற்படியிலேயே நிறுத்தி, "உள்ளே வராதே, தீட்டு" என்று சொல்லுகின்ற வழக்கத்தைப் பற்றி அவ்வகுப்பில் ஒரு வார்த்தையாவது பேசப்படுகின்றதா என்பதே நமது கேள்வி.

கேட்டால், "ஊர் வழக்கத்தில் கை வைத்தால் கூட்டத்திற்கு ஆள் வராது" என்கின்றார்கள். அப்படியானால் நோயை விட்டுவிட்டு நோயாளிக்கு விசிறி வீசுவது எதற்கு?

தீட்டு என்பது என்ன? கரு தங்குவதற்காகக் கருப்பைக்குள் மாதந்தோறும் ஒரு மெத்தை தயாராகின்றது. கரு தங்கவில்லையானால் அது கரைந்து, சிறிது இரத்தத்தோடு சில நாட்களில் வெளியேறி விடுகின்றது. அவ்வளவுதான் சங்கதி. உலகத்தில் பிறந்த அத்தனை சாஸ்திரிகளும், பூசாரிகளும் அந்த மெத்தையில் வளர்ந்து வந்தவர்களேயல்லவா? தாங்கள் பத்து மாதம் குடியிருந்த வீட்டை அசுத்தம் என்று சொல்லுகின்றவர்களுக்கு வெட்கம் வேண்டாமா?

இது வெறும் வாய்ச் சண்டைக்குரிய விஷயமல்ல. உயிர் போகின்ற விஷயம். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது, தஞ்சை மாவட்டம் பட்டுக்கோட்டைப் பகுதியில், பூப்பெய்தினாள் என்பதற்காக வீட்டைவிட்டுத் தனிக் குடிசையில் வைக்கப்பட்டிருந்த சிறுமி ஒருத்தி, தென்னைமரம் விழுந்து மாண்டாள். புயல் கொன்றதென்று சொல்லலாம். அவளைக் குடிசைக்கு அனுப்பியது புயலா?

இது படிப்பறியாதவர்கள் செய்தது என்று யாரும் தப்பித்துக்கொள்ள முடியாது. 2025 ஏப்ரலில் கோவை மாவட்டத்தில், ஒரு தனியார் பள்ளியிலேயே, மாதவிடாய் வந்த மாணவி வகுப்பறைக்கு வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து தேர்வு எழுதினாள். பள்ளிக்கூடத்திற்குள்ளேயே தீட்டு குடியேறிவிட்டால், அப்பள்ளிக்கூடம் புகட்டும் விஞ்ஞானத்தின் யோக்கியதை என்ன? 1950-இல் அரசியல் சட்டத்தின் 17-ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்ததாகப் பெருமை பேசுகின்றோம். சொந்த வீட்டிலேயே, பெற்ற மகளிடமே, மாதம் 3 நாள் தீண்டாமை பாராட்டுகின்றோமே, இதை ஒழிப்பது எப்போது?

மாத்திரை விஷயத்திற்கு வருவோம். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 100-க்கு 59 பேர் இரத்தச்சோகை உள்ளவர்கள். இதற்காகப் பள்ளிகளில் வாரம் ஒரு இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கப்படுகின்றது. நல்லது. ஆனால் ஆண்கள் உண்டு எழுந்த பிறகு மிஞ்சியதைப் பெண் தின்ன வேண்டும் என்ற நியாயம் அடுப்படியில் இருக்கும்வரை, ஒரு மாத்திரை என்ன செய்யும்? முட்டையும் மீனும் மகன் தட்டுக்கு. மாத்திரை மகள் வாய்க்கா?

நாப்கின் கதையும் அதுவே. 2012-இல் தமிழ்நாட்டில் 'புதுயுகம்' திட்டம் தொடங்கி விலையில்லாமல் கொடுக்க ஏற்பாடாயிற்று. வாங்கிய நாப்கினைக் காகிதத்தில் சுற்றி, திருட்டுப் பொருளைப்போல ஒளித்துக் கொண்டு போகின்றாளே, அந்த வெட்கத்தை எந்தத் திட்டம் போக்கும்? ஆனால் அதே பெண் பூப்பெய்திய செய்தியைப் பந்தல் போட்டு, பத்திரிகை அடித்து, கடன் வாங்கி ஊருக்கெல்லாம் அறிவிப்பதில் மட்டும் பெற்றோருக்கு வெட்கமில்லை!

ஆகவே வகுப்பு நடத்தும் தோழர்களுக்கு நாம் சொல்லுவது இதுதான். பெண் குழந்தைகளை மட்டும் தனி அறையில் கூட்டிவைத்துக் காதோடு காதாகப் பேசாதீர்கள். தாயையும், பாட்டியையும், தகப்பனையும், அண்ணன் தம்பியையும், வாத்தியாரையும் கூட்டி உட்கார வையுங்கள். தீட்டு பொய்யென்று அவர்கள் எதிரில் உரக்கச் சொல்லுங்கள். மூலையில் உட்காரமாட்டேன், தேர்வைப் படிக்கட்டில் எழுதமாட்டேன் என்று சொல்லும் துணிவை அப்பெண்ணுக்குக் கொடுங்கள். அந்தத் துணிவைக் கொடாத வகுப்பு எத்தனை நடந்தாலும், மாத்திரைக் கணக்கு ஏறுமேயொழியப் பெண் ஏறமாட்டாள்.